பாட்டு வரும்வரை வட்டம்

போன மாதம் என் தங்கையின் மகள் ஷெரின் கொழும்பிலிருந்து வந்து எங்கள் வீட்டில் சில நாள் தங்கியிருந்தாள். கண்டிக்குப் பக்கத்தில் இந்த அம்பிட்டியவில் அந்த வாரம் முழுக்க மழை. வெளியே போக வழியில்லாமல் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு ஏதோ ஓர் அமெரிக்க இசை நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குசினியில் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தேன். யாரோ இருவர் ஆங்கிலத்தில் வேகவேகமாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு பியானோ ஒரே சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. முன்னேயும் போகவில்லை, நிற்கவும் இல்லை. என் விரல்கள் மாவுக்குள் தாமாகவே அசையத் தொடங்கிவிட்டன.

"என்ன பெரியம்மா, ரொட்டிய தாளம் போட்டுப் பிசையிறீங்க?"

"அது வட்டம்டி. அந்தாளு பாடப் போறாரு, பாரு" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, அந்த ஆள் பாடிவிட்டார். ஷெரின் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, சோதிடம் சொன்னவளைப் பார்ப்பதுபோல இருந்தது. அவளுக்கு ஒரு பெரிய கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த பாட்டு வந்துவிட்டது. இந்தக் காலத்து நாடகத்தில் பாட்டென்றால் பாட்டுமில்லை, பேச்சென்றால் பேச்சுமில்லை. சந்தையில் விலை கூவுகிற வேகத்தில் சரித்திரம் முழுக்கச் சொல்லிவிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவள் காதில் கருவியை மாட்டிக்கொண்டாள். ஆகவே அந்தக் கதையை உங்களுக்குச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் நான் கண்டி நகரில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஓர்கன் வாசிப்பேன். நன்றாக வாசிப்பேன் என்று சொன்னால் கோயிலில் இருக்கிற சொரூபங்களே சிரிக்கும். வேறு ஆள் இல்லை, அதனால் நான். என் அம்மாவே, "இவ கோயில்லயும் டைப்புதான் அடிக்கிறா" என்று சொல்வாள். உண்மைதான். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது வரி முடிந்து மணி அடிக்கும் என்றே என் கை எதிர்பார்க்கும்.

கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் ஒரு பழைய பியானோவும் இருந்தது. தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவரின் மனைவி ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது என்பார்கள். மழைக்காலத்தில் அதன் கட்டைகள் ஊறி, அமுக்கினால் எழும்பாது. அதற்காகவே உள்ளே ஒரு மின்குமிழைப் பொருத்தி எந்நேரமும் எரியவிட்டிருந்தோம். அந்தச் சூட்டுக்குப் பல்லி முட்டையிடும். வாசிக்க உட்கார்ந்தால் சூடேறிய மரமும் பாச்சை உருண்டையும் கலந்த ஒரு மணம் முகத்தில் அடிக்கும். இப்போதும் எங்காவது பழைய அலுமாரியைத் திறந்தால் எனக்கு ஞானம் அண்ணனின் குரல் கேட்கிறது.

ஞானம் அண்ணன் யாழ்ப்பாணத்தவர். கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் வரைபடம் வரைகிற வேலை. நாட்டில் சண்டை ஓய்ந்திருந்த அந்தக் கொஞ்சக் காலத்தில் மாற்றலாகி வந்து, எங்கள் கோயில் பங்கில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தார். ஒல்லியான மனிதர். குடையைக் கையில் வைத்துக்கொண்டே மழையில் நனைந்து வருவார், ஏதாவது மெட்டை யோசித்தபடி. வந்த புதிதிலேயே பாடகர் குழுவைக் கூட்டி, "நாங்கள் ஒரு அமெரிக்க இசை நாடகம் போடுவம், தமிழிலை" என்றார். எங்களுக்கு அமெரிக்கா என்றால் சினிமாவில் உடைகிற கார்கள்தான். யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

அவருக்கு அந்தப் பைத்தியம் கொழும்பில் படித்த காலத்தில் பிடித்தது. ஒரு வெளிநாட்டு நூலகத்தில் இசைத்தட்டுக் கேட்கிற அறை இருந்ததாம். வெளியே வெயில் என்பதற்காக உள்ளே போனவர், பிறகு வகுப்புக்குப் போகாமல் அங்கேயே கிடந்திருக்கிறார். ஒத்திகை இடைவேளைகளில் பிளேன்டீயும் பணிசும் சாப்பிட்டபடி எங்களுக்கு அந்தக் கலையின் சரித்திரத்தைச் சொல்வார். ஆதியில் அது வெறும் கதம்பமாம். ஒரு பகிடி, ஒரு ஆட்டம், வரிசையாக நின்று கால் தூக்குகிற பெண்கள், நடுவில் ஒரு பாட்டு. கதை என்பது பாட்டுகளைக் காயப்போடக் கட்டிய கொடி. இந்த நாடகத்துப் பாட்டைக் கழற்றி அந்த நாடகத்தில் மாட்டினாலும் கேட்க ஆளில்லை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பு மக்களின் தாளமும், கப்பலேறி வந்த ஏழை யூதர்களின் இராகமும், இன்னும் எங்கெங்கோ இருந்து வந்தவர்களின் ஆட்டமும் ஒரே நகரத்துத் தெருக்களில் உரசி உரசித்தான் அந்தப் பாட்டுகள் பிறந்தன என்பார். பிறகு, பாட்டு கதையை நிறுத்தக்கூடாது, கதையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்று சிலருக்குத் தோன்றியதாம். பிறகு ஆட்டமும் கதை சொல்லத் தொடங்கியது. பிறகு வசனமே இல்லாமல் முழுக்கப் பாட்டாக வந்தன. பிறகு மேடையில் பெரிய பெரிய யந்திரங்கள் ஏறின.

இதையெல்லாம் கண்ணால் கண்டதுபோல எழுந்து நடித்தே காட்டுவார். ஒரு நாள் நான் கேட்டுவிட்டேன். "அண்ணே, நீங்க இத மேடையில பாத்திருக்கீங்களா?"

"இல்லை" என்றார், கொஞ்சமும் வெட்கப்படாமல். "கேட்டிருக்கிறன். இசைத்தட்டு மட்டையின்ரை பின்பக்கத்திலை எழுதியிருக்கிறதை வாசிச்சிருக்கிறன். மிச்சத்தை நானே பாத்துக்கொண்டன்."

அவருடைய நாடகத்தின் பெயர் 'பாதை திறக்கும்வரை'. கதை எளிமையானது. கடுகண்ணாவைக் கணவாயில் மண் சரிந்து ரயில் நின்றுவிடுகிறது. பயணிகள் ஸ்டேஷனில் காத்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண், புருஷனோடு மனம் கசந்து தாய்வீட்டுக்குப் போகிறவள். அவன் அவளைத் தேடிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருகிறான். கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு பாட்டு.

அந்தப் பெண்ணாக நடித்தவள் மார்கரெட். தெல்தெனியவில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிற டீச்சர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அவள் குரலைக் கேட்டபின்தான் ஞானம் அண்ணன் நாடகத்தையே எழுதினார் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒத்திகைக்கு அவளைக் கூட்டிவருவது அவள் கணவர் அந்தோனி. தெல்தெனியவிலேயே கதவு யன்னல் செய்கிற ஒரு மரப்பட்டறை வைத்திருந்தார். வந்ததும் மண்டபத்தின் கடைசி வாங்கில் உட்காருவார். முடிந்ததும் எழுந்து, அவளுடன் பஸ்ஸுக்கு நடப்பார். இருவரும் ஒரே குடையின் கீழ் போனாலும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

காரணம் எங்களுக்குத் தெரியும். முந்திய வருடம் அவர்களுடைய ஒரே பிள்ளை அனு காய்ச்சலில் போய்விட்டாள். இன்னும் பள்ளிக்கூடம் சேர்க்காத வயது. ஞாயிறுகளில் அவர்கள் பஸ்ஸில் கூட்டிவர, எங்கள் கோயிலுக்கு ஒரு மஞ்சள் குடையோடு வருவாள். வெயிலோ மழையோ, அந்தக் குடையைப் பூசை நடுவில் ஒரு தடவையாவது விரித்துப் பார்க்காவிட்டால் அவளுக்கு ஆகாது. பிள்ளையை அடக்கம் செய்தபிறகு அந்தோனி அவள் பெயரைச் சொல்வதே இல்லை.

"நான் சொன்னாலும் எந்திரிச்சுப் போயிடுறாரு அக்கா" என்று மார்கரெட் ஒரு நாள் பியானோவில் சாய்ந்துகொண்டு என்னிடம் சொன்னாள். "பட்டறையில போயி சும்மா எதையாவது இழைச்சிக்கிட்டு இருப்பாரு. நானும் பேச்ச எடுக்கிறத விட்டுட்டேன். இப்ப வீட்டுல ரெண்டு பேரும் சட்டி பானை சத்தத்தத்தான் கேட்டுக்கிட்டு இருக்கோம்."

அந்தோனியைச் சும்மா உட்காரவிடக் கூடாதென்று ஞானம் அண்ணன் ஸ்டேஷன் செட் செய்கிற வேலையை அவர் தலையில் கட்டினார். அதிலிருந்து நாங்கள் முன்னால் பாட, அவர் பின்னால் தட்டிக்கொண்டிருப்பார். சுத்தியல் சத்தம் சரியாகத் தாளத்தில் விழும். நான்தான் தப்புவேன்.

ஒரு நாள் ஞானம் அண்ணன் எங்களுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். "கதைச்சுத் தீராத இடத்திலைதான் பாட்டு வரோணும். சும்மா வாய் இருக்குதெண்டு பாடக் கூடாது."

மார்கரெட் சொன்னாள்: "எங்க தோட்டத்துல சாவு வீட்டுல அப்பிடித்தான் அண்ணே. மொத பேசத்தான் செய்வாங்க. பேச்சு அப்படியே இழுத்துக்கிட்டுப் போயி ஒப்பாரி ஆயிரும். எந்த எடத்துல மாறுச்சுன்னே தெரியாது."

"அதுதான்! அந்த எல்லை தெரியாமல் கடக்கிறதுதான் அமெரிக்காக்காரரின்ரை முழு வித்தையும்" என்று துள்ளினார் ஞானம் அண்ணன். துள்ளியவர் உடனே அடங்கிவிட்டார். பின்னால் சுத்தியல் நின்றிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லையைக் கடக்கிற அந்த இடத்தில்தான் எனக்கு வேலை. பேச்சு நடக்கும்போதே பியானோ ஒரு சிறு துண்டை மெதுவாகத் தொடங்கி, சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். அமெரிக்காக்காரர் அதற்கு ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் வட்டம் என்றோம்.

"எவ்வளவு நேரம் வாசிக்கிறது அண்ணே?"

"பாடுற ஆக்கள் ஆயத்தமாகும்வரை."

"எத்தின தரம்ன்னு சொன்னாத்தானே எனக்கு எண்ணலாம்."

"எண்ணாதையும். அவையின்ரை முகத்தைப் பாரும்."

டைப்பிஸ்டிடம் சொல்கிற வேலையா இது! எழுதியிருப்பதைப் பார்த்து அடித்தே பழகிய எனக்கு, முகத்தைப் பார்த்தால் கை தப்பும், கையைப் பார்த்தால் முகம் தப்பும். வீட்டில் மேசை விளிம்பில் வாசித்து வாசித்துப் பழகினேன்.

புருஷனாக நடித்தவன் ரொட்னி என்ற ஒரு பையன். வங்கி ஒன்றில் வேலை, தேன்போன்ற குரல், கண்ணாடி கண்டால் நின்றுவிடுவான். நாடகத்துக்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது அவனுக்குக் கட்டாரில் வேலை சரிவந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். மண்டபத்தில் இழவு வீடுபோல உட்கார்ந்திருந்தோம். ஒத்திவைக்கலாம் என்றார்கள் சிலர். அப்போது ஞானம் அண்ணன் எழுந்து கடைசி வாங்குப் பக்கம் போனார்.

"அந்தோனி, உமக்குப் பாட்டுத் தெரியும்தானே?"

"எனக்கா? எனக்கு என்னாங்க தெரியும்."

"தெரியும். சுத்தியலாலை பாடுறீர்."

அந்தோனி சின்ன வயதில் தோட்டத்துக் கோயிலில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகத்தில் பாடியவர் என்பதை மார்கரெட் எங்களிடம் சொன்னதே இல்லை. அவர் மனைவியைப் பார்த்தார். மார்கரெட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு இஷ்டம்" என்றாள். எல்லாரும் காத்திருந்தோம். "சரிங்க" என்றார் கடைசியில், கதவுக்கு அளவெடுக்க ஒப்புக்கொள்கிறவர் போல.

அவர் குரல் பெரிதாக இல்லை. கொஞ்சம் கரகரப்பு. ஆனால் பிசகாது. ஒத்திகையில் இருவரும் வசனத்தைச் சரியாகச் சொன்னார்கள், பாட்டைச் சரியாகப் பாடினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் மட்டும் பார்க்கவில்லை. அவர் அவள் காதோரத்தைப் பார்த்துப் பாடுவார். அவள் அவருடைய சட்டைப் பொத்தானுக்குப் பதில் சொல்வாள். ஞானம் அண்ணன் தலைமயிரைப் பிடித்துக்கொள்வார்.

நாடகம் ஒரு ஞாயிறு பின்னேரம். மழைதான், சொல்லவேண்டுமா? கதவோரத்தில் ஈரக் குடைகள் மலையாகக் குவிந்திருந்தன. பங்குத் தந்தை முன் கதிரையில். தெல்தெனியவிலிருந்து மார்கரெட்டின் பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட ஸ்டேஷன் மாஸ்டரின் ஒட்டுமீசை விழுந்ததையும், அதை எடுத்து ஒட்டிக்கொண்டே அவர் பாடியதையும் தவிர முதற்பாதியில் பெரிய விபத்தில்லை. சனம் சிரித்தது, கைதட்டியது. பிறகு அந்தக் கடைசிக் காட்சி வந்தது.

அந்தோனி செய்த வாங்கில் மார்கரெட் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். அவர் வந்து நின்றார். நான் வட்டத்தைத் தொடங்கினேன்.

"அடுத்த ரயில் எப்ப வரும்னு கேட்டேன். தெரியாதுங்கிறாங்க" என்றார். அது வசனம்.

"வந்தா நான் போயிருவேன்" என்றாள். அதுவும் வசனம்.

"வீட்டுல..." என்று தொடங்கினார். வீட்டில் நீ இல்லாமல் விளக்கேற்ற மனசு வரவில்லை என்று சொல்லிப் பாட்டுக்குப் போகவேண்டும். அவர் போகவில்லை. அப்படியே நின்றார்.

நான் வட்டம் வாசித்தேன். இன்னொரு வட்டம். மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். பக்கத்திரைக்குப் பின்னால் ஞானம் அண்ணன் வசனத்தை எடுத்துக்கொடுக்க வாயைத் திறப்பது தெரிந்தது. பிறகு, ஏனோ, மூடிக்கொண்டார். அப்போது நான் அந்தோனியின் முகத்தைப் பார்த்தேன். அவர் அவள் காதோரத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கை தானாக மெதுவானது.

"வீட்டுல அனுவோட கொட இன்னும் கதவுக்குப் பின்னாலதான் தொங்குது" என்றார்.

பள்ளிப் பிள்ளைகள் அதுவும் கதை என்றே நினைத்திருப்பார்கள். எங்கள் பங்கு ஆட்களுக்குத் தெரியும். முன்வரிசையில் யாரோ ஒரு பெண் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

மார்கரெட் அந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். திருப்பவில்லை. "தெரியும்" என்றாள்.

"நான் எடுத்து வைக்கல."

"நானும் எடுக்கல. நீங்க வச்சிருக்கீங்கன்னு விட்டுட்டேன்."

"நீ வச்சிருக்கேன்னுதான் நான் விட்டேன்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிக் கட்டைகள் தெரியவில்லை. கை போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்தோனி அவள் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்தார். பிறகு அவர் பாடத் தொடங்கினார், எழுதியிருந்த சுருதியை விடக் கீழே, கிட்டத்தட்டப் பேசுவதுபோல. என் வாழ்நாளில் முதன்முறையாகப் பார்த்து வாசிக்காமல் கேட்டு வாசித்தேன். இரண்டு மூன்று தப்புத் தட்டிவிட்டு அவருடைய சுருதியைப் பிடித்தேன். மார்கரெட் தன் வரிகளைப் பாடினாள். எல்லாவற்றையும் பாடினாள் என்று சொல்லமுடியாது. சில இடத்தில் வெறும் மூச்சுத்தான் வந்தது. அந்த இடங்களில் அவர் அவளுக்காகப் பாடினார்.

திரை விழுந்தது.

பிறகு எல்லாரும் குடையைத் தேடிப் போய்விட்டார்கள். ஞானம் அண்ணன் பியானோவின் மூடியை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "நல்ல காலம், நீர் நிப்பாட்டேல்லை" என்றார்.

"நிப்பாட்டச் சொல்லி நீங்க சொல்லவே இல்லையே அண்ணே" என்றேன். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தார்.

சில நாள் கழித்து வேலை முடிந்து கண்டி பஸ் நிலையத்தில் நின்றபோது அவர்கள் இருவரையும் தெல்தெனிய பஸ்ஸில் கண்டேன். மார்கரெட் யன்னலோரம். அந்தோனி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கையை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வைத்து ஓர் உயரம் காட்டினார். மார்கரெட் இல்லை என்று தலையாட்டி, அவர் கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைத்தாள். பஸ் புறப்பட்டுவிட்டது. அவர்கள் என்னைக் காணவில்லை.

அந்த நாடகத்தை நாங்கள் மறுபடி போடவில்லை. போட்டிருந்தாலும் அதை யாரால் அப்படி நடிக்க முடியும்? நாட்டில் மறுபடி நிலைமை கெட்டது. ஞானம் அண்ணன் முதலில் கொழும்புக்கும் பிறகு தன் அக்காவிடம் அமெரிக்காவுக்கும் போய்விட்டார். பல வருடம் கழித்து ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டார். "கடைசியாப் பாத்திட்டன் தங்கச்சி" என்றார், வேறெந்த முன்னுரையும் இல்லாமல். எனக்கு உடனே விளங்கிவிட்டது.

"எப்பிடி அண்ணே இருந்திச்சு?"

"நல்லாயிருந்தது. மேடை சுத்துது, வீடு தானா எழும்புது, ஆட்களின்ரை தலைமயிருக்குள்ளை மைக் வைச்சிருக்கினம். என்ன குரல்கள்! நான் முழு நேரமும் அழுதுகொண்டுதான் இருந்தன். ஆனா வாசிக்கிற ஆட்களைத் தேடிப்பாத்தன், காணேல்லை. வேறை ஒரு அறையிலை இருந்து வாசிக்கினமாம்." கொஞ்சம் நிறுத்தி, "அவைக்கு முகம் தெரியுமோ தெரியாது" என்றார்.

"அங்க டீவி பொட்டி வச்சிருப்பாங்க அண்ணே" என்று நான்தான் சமாதானம் சொன்னேன். "ஓம், ஓம். வைச்சிருப்பினம்" என்றார். அதற்குப் பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை.

எங்கள் பழைய மண்டபத்தை இடித்து, தரைக்கு ஓடு பதித்த புதிய மண்டபம் எழும்பியிருக்கிறது. குளிரூட்டி உண்டு. கிறிஸ்துமஸ் கால ஒளிவிழாவுக்குப் பிள்ளைகள் பதிவுசெய்த பாட்டுக்கு ஆடுகிறார்கள், அழகாகத்தான் ஆடுகிறார்கள். பியானோவை யாரோ பிரித்துக்கொண்டு போனார்களாம், நான் பார்க்கவில்லை. அந்த நாடகத்தைப் பதிவுசெய்ய அன்று யாருக்கும் தோன்றவில்லை. பிரதிகள் ஞானம் அண்ணன் வீடு மாறி மாறிப் போனதில் தொலைந்துபோயின.

போன வருடம் அந்தோனி மாரடைப்பில் இறந்தார். அடக்கத்துக்குப் பிறகு ஒரு நாள் நான் தெல்தெனியவுக்குப் போனேன். மார்கரெட் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பேச்சு எங்கெங்கோ சுற்றி அந்தப் பாட்டுக்கு வந்தது. எனக்கு மெட்டு ஞாபகம் இருக்கிறது, சொற்கள் ஒன்றுகூட இல்லை என்றேன்.

"எனக்கு அவரு பாடுனது பூராவும் இருக்கு அக்கா" என்றாள். "நான் பாடுனது ஒரு வரியும் இல்ல. எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன்."

பாடிக் காட்டினாள். அவருடைய ஒரு வரியைப் பாடுவாள். பிறகு தன்னுடைய வரிக்கு வேண்டிய நேரம் பேசாமல் இருப்பாள். பிறகு அவருடைய அடுத்த வரி. அப்படியே கடைசிவரை பாடினாள். இடையிடையே வெளியில் பஸ் போகிற சத்தம்தான் கேட்டது.